ஆட்டமே கம்பெனிக்குச் சொந்தம்

கம்ப்யூட்டர் திரைக்கு முன் உட்கார்ந்து ஆடுவதையே பிழைப்பாகக் கொண்ட வாலிபர்களைப் பற்றி எழுதும்போதெல்லாம், பெரிய பத்திரிகைகள் பரிசுப் பணக் கணக்கைத்தான் முதலில் எடுத்து வைக்கின்றன. தென் கொரியாவின் 'ஃபேக்கர்' 2013-ல் பதினேழாவது வயதில் 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' உலகப் பட்டத்தை வென்றார். 2025-ல் ஆறாவது பட்டமும் பெற்றுவிட்டார். வாஸ்தவம்தான். அந்த மனிதரின் திறமையை யாரும் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் பரிசு விழுந்தவன் படத்தைப் போட்டு லாட்டரிச் சீட்டு விற்பது பழைய வித்தை. சீட்டு வாங்கி ஏமாந்த ஆயிரம் பேரின் படத்தை யார் போடுகிறார்கள்?

"விளையாடுகிறவன் எப்படித் தொழிலாளி ஆவான்?" என்று சில தோழர்கள் சிரிக்கக்கூடும். அவன் கையெழுத்திடும் ஒப்பந்தத்தைப் பார்த்தால் சிரிப்பு அடங்கிவிடும். இத்தனை மாதத்துக்கு இவ்வளவு சம்பளம், அணி சொல்லும் நேரத்தில் பயிற்சி, அணி சொல்லும் விளம்பரத்தில் முகம் காட்ட வேண்டும். அணி விரும்பினால் இன்னொரு அணிக்கு அவனை விற்றும் விடலாம். நாளொன்றுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் எலிப்பொறியையும் விசைப்பலகையையும் விட்டு நகராத வேலை இது. சீனாவில் லட்சோப லட்சம் ரசிகர்களைப் பெற்ற 'உஸி' என்ற ஆட்டக்காரர் 2020 ஜூன் மாதம் ஓய்வை அறிவித்தார். காரணம் நீரிழிவும், நாள்பட்ட கை உபாதையும். அப்போது அவருக்கு வயது 23. பிறகு சில காலம் திரும்பி வந்து ஆடினார் என்றாலும் போன ஆரோக்கியம் எந்தக் கோப்பையோடும் திரும்பி வரவில்லை.

இதையெல்லாம்விட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. கபடிக்கு முதலாளி யார்? கால்பந்துக்கு யார்? அணிகளுக்கும் லீக்குகளுக்கும் முதலாளிகள் உண்டு, ஆட்டத்துக்குக் கிடையாது. நான்கு பிள்ளைகள் சேர்ந்து தெருவில் கோடு கிழித்தால் கபடி பிறந்துவிடும். இங்கே அப்படியல்ல. ஆட்டமே ஒரு கம்பெனியின் சொத்து. 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' ரயட் கம்பெனிக்குச் சொந்தம். அந்த ரயட் 2015 முதல் முழுமையாகச் சீனத்து டென்சென்ட் கம்பெனிக்குச் சொந்தம். விதியை எழுதுவதும், சில வாரங்களுக்கொருமுறை அதைத் திருத்துவதும், போட்டியை நடத்துவதும் கம்பெனியே. பல மாதம் இரவு பகலாகப் பழகிய ஒரு வித்தை, ஒரு திருத்தத்தில் செல்லாக்காசாகிவிடும். நெசவாளியை வேலையை விட்டு நீக்கலாம், நெய்யும் வித்தையை அவன் கையிலிருந்து பிடுங்க முடியாது. இவர்களிடம் அதையும் பிடுங்கலாம்.

வட அமெரிக்காவில் 2023-ல் நடந்ததை நம் வாசகர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே மேல்மட்ட லீக்கில் அப்போது பத்து அணிகள் இருந்தன. 2018 முதல் பணம் கட்டி இடம் வாங்கிய அணிகளுக்கே அங்கே இடம் இருந்தது. கீழே எவ்வளவு ஜெயித்தாலும் ஓர் அணி அப்போது மேலே ஏற முடியவில்லை. ஆகவே புதிய வாலிபனுக்கு இருந்த ஒரே ஏணி, ஒவ்வொரு அணியும் கட்டாயமாக நடத்திவந்த இரண்டாம் நிலை அணிதான். செலவு அதிகம் என்று முதலாளிகள் முறையிட்டார்கள். அந்த ஆண்டு மே மாதம் ரயட் கம்பெனி அந்தக் கட்டாயத்தை நீக்கியது. பல அணிகள் உடனே கடையை மூடின. ஏறக்குறைய எழுபது ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர்கள், நிர்வாகிகளின் வேலை போகும் என்று ஆட்டக்காரர் சங்கம் எடுத்துச் சொன்னது.

மேல்மட்ட ஆட்டக்காரர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. அவர்கள் வேலை போகவில்லை, சம்பளம் குறையவில்லை. வாயை மூடிக்கொண்டு ஆடியிருக்கலாம். ஆனால் பெரும்பான்மை வாக்கில் வெளிநடப்பு என்று தீர்மானித்தார்கள். இரண்டாம் நிலை அணி ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 3 லட்சம் டாலர் சம்பள நிதி, ஜெயிக்கும் அணி மேலே ஏற வழி என்று கோரிக்கைகள் வைத்தார்கள்.

கம்பெனியின் பதில் எந்த ஆலை முதலாளிக்கும் பரிச்சயமானது. மாற்று ஆட்டக்காரர்களுக்கு இருந்த குறைந்தபட்சத் தகுதி நிபந்தனை தளர்த்தப்பட்டது. தமிழில் இதற்குக் கருங்காலி சேர்ப்பது என்று பெயர். அது போதாதென்று போட்டியை இரண்டு வாரம் தள்ளிவைத்து, அதற்குள் சமரசம் இல்லையென்றால் பருவம் முழுவதும் ரத்து, உலகப் போட்டிக்கும் இங்கிருந்து யாரும் போக முடியாது என்று மிரட்டியது. ஆலையில் கதவடைப்பு என்போமே, அதுவேதான்.

ஜூன் 14-ம் தேதி ஆட்டம் தொடங்கியது. கம்பெனி ஒத்துக்கொண்டதில் பணமாக வந்தது, இரண்டாம் நிலை லீக்கின் மாறுதலுக்கென்று ஒரே ஒரு தடவை 3 லட்சம் டாலர். ஓர் அணிக்கு ஓராண்டுக்குக் கேட்ட தொகை, எல்லோருக்குமாக ஒரு முறை! ரத்தான கட்டாயம் திரும்ப வரவில்லை. இதை வெற்றி என்று கொண்டாடுவதற்கில்லை. ஆனால் கீழே உள்ளவனுக்காக மேலே உள்ளவன் வெளியேறத் துணிந்த நிகழ்ச்சியைத் தோல்வி என்று எழுதிவிடவும் மனம் வரவில்லை.

முதலாளிகளுக்கோ ஒற்றுமையில் பஞ்சமே இல்லை. 'ஓவர்வாட்ச்' லீக்கில் ஓர் அணி நிர்ணயித்த அளவுக்கு மேல் சம்பளம் கொடுத்தால், கூடுதலாகக் கொடுத்த ஒவ்வொரு டாலருக்கும் ஒரு டாலர் அபராதம்! அந்த அபராதம் மற்ற அணிகளுக்குப் பங்கு. கூலியை உயரவிடாமல் செய்யும் ஏற்பாடு என்று அமெரிக்க அரசின் நீதித் துறையே 2023 ஏப்ரலில் ஆக்டிவிஷன் பிளிஸ்ஸார்ட் கம்பெனி மீது வழக்குத் தொடர்ந்தது. அமெரிக்க சர்க்காரின் நீதித் துறை தொழிலாளி கட்சியாகிவிட்டது என்று யாரும் பயப்பட வேண்டாம். வழக்கு வந்த அன்றே சமரசமும் வந்தது. அந்த ஆண்டோடு லீக்கும் முடிந்தது. வெளியேற அணிகளுக்கு நஷ்டஈடு கிடைத்தது.

வட அமெரிக்க ஆட்டக்காரர் சங்கம் 2017-ல் ரயட் கம்பெனி தந்த பணத்தில் தொடங்கப்பட்டது. பிறகுதான் சொந்தக் காலில் நின்றது. 2023-ல் வெளிநடப்புக்கு வாக்களித்தபோதும் அது சட்டப்படி அங்கீகாரம் பெற்ற தொழிற்சங்கமாக இருக்கவில்லை. அந்த அங்கீகாரத்தைத்தான் அவர்கள் முதலில் கேட்டு வாங்க வேண்டும். சம்பள நிதியும் ஏணியும் அதற்கு அடுத்தபடி.