அஜாக்கிரதை யாருடையது?

மில் ஒர்க்ஷாப்பிலோ, கிராமத்து டிராக்டர் பட்டறையிலோ காஸ் சிலிண்டர் வெடித்தால் முதலாளிகள் ஒரே பல்லவி பாடுகிறார்கள்: "தொழிலாளியின் அஜாக்கிரதை!"

உண்மை என்ன? நிரப்பிய ஆக்ஸிஜன் சிலிண்டருக்குள் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 150 கிலோ அழுத்தம் அடைபட்டுக் கிடக்கிறது. லாரி டயரில் இருப்பதைப் போல் ஏறக்குறைய 20 மடங்கு! சிலிண்டர் சாய்ந்து வால்வு முறிந்தால் பீரங்கிக் குண்டாகப் பாயும். வால்வில் எண்ணெயோ கிரீஸோ பட்டால் தீப்பற்றும். அசிட்டிலீன் சிலிண்டரைப் படுக்கவைத்து உபயோகித்தால் உள்ளிருக்கும் அசிட்டோன் திரவம் வெளியே வரும்.

இதற்குத் தேவை என்ன? கட்டி நிறுத்தச் சங்கிலி, கொண்டுபோகத் தள்ளுவண்டி, வால்வுக்கு மூடி, வெயில் படாத காற்றோட்டமான கொட்டகை, அதில் ஆக்ஸிஜனுக்கும் எரியும் வாயுவுக்கும் இடையே தடுப்புச்சுவர். தள்ளுவண்டியும் காற்றோட்டமும் தனித்தனி இடமும் சர்க்காரின் 2016-ம் ஆண்டு காஸ் சிலிண்டர் விதிகளிலேயே இருக்கின்றன. இவற்றுக்கு ஆகும் செலவு அற்பம். அதையும் மிச்சம் பிடித்து, சிலிண்டரைத் தரையில் உருட்டச் சொல்பவர் யார்? அஜாக்கிரதை அவருடையதே!

தோழர்களே! எண்ணெய்க் கையோடு வால்வைத் தொடாதீர்கள். சங்கிலியும் வண்டியும் இல்லையென்றால் தனியாக முணுமுணுக்காதீர்கள். சங்கமாகத் திரண்டு கேளுங்கள். உயிர் போனபின் வரும் நஷ்டஈட்டைவிட, உயிரைக் காக்கும் சங்கிலியே நமக்கு வேண்டும்.