மெடிக்கல் ஷாப் டென்டிஸ்ட்!

ஹாஸ்டலில் ஒருத்தனுக்கு ராத்திரி பல் வலி வந்தால் போதும், ஆளாளுக்கு டாக்டர் ஆயிடுவாங்க. 'கிராம்பு வைடா', 'உப்புத் தண்ணில கொப்பளிடா' வரைக்கும் ஓ.கே. அப்புறம் ஒரு சீனியர் வருவார். 'அமாக்ஸிசிலின் நாலு வாங்கிப் போடு மச்சி, ஓடிடும்!' தெருமுனை மெடிக்கல் ஷாப்பிலும் சீட்டு கேட்காம, வலி மாத்திரையோட சேர்த்து கட் பண்ணிக் கொடுத்துடுவாங்க.

இதுல காமெடி என்னன்னா, பெரும்பாலான பல் வலியை ஆன்டிபயாடிக் ஒண்ணும் பண்ணாது. சொத்தை ஆழமாப் போய் பல்லுக்குள்ள இருக்கிற நரம்பைத் தொட்டா, அது வீங்கும். சுத்திலும் கல்லு மாதிரி பல். வீங்க இடமே இல்லை. அந்த அழுத்தம்தான் உயிரை எடுக்குது. மாத்திரையோ ரத்தத்தோடதான் போயாகணும். நரம்பு செத்த பல்லுக்குள்ள ரத்த ஓட்டமே கிடையாது. பஸ்ஸே போகாத ஊருக்கு டிக்கெட் எடுத்த கதை! காய்ச்சல் மாதிரி தொந்தரவு இல்லாத, ஆரோக்கியமான பெரியவங்களோட பல் வலிக்குப் பெரும்பாலும் ஆன்டிபயாடிக் வேண்டாம், பல்லுக்கு வைத்தியம் பண்ணுங்கன்னு அமெரிக்க பல் மருத்துவ சங்கம் 2019-லேயே சொல்லியாச்சு.

'எனக்குக் கேட்டுச்சே!'னு சண்டைக்கு வராதீங்க. கேட்டது கூடப் போட்ட வலி மாத்திரையா இருக்கும். இல்லைன்னா, உள்ளே நரம்பே செத்திருக்கும். இதுதான் பெரிய ஏமாத்து வேலை. வலி போயிடும், கிருமி அங்கேயே குடியிருக்கும். கொஞ்ச மாசத்துல, கரெக்டா செமஸ்டர் நேரமாப் பார்த்து சீழ் பிடிச்சு கன்னம் பன் மாதிரி உப்பும். ஃபில்லிங்கோட முடிஞ்சிருக்க வேண்டிய பல்லுக்கு ரூட் கெனால், அதுவும் முடியலைன்னா பிடுங்கல்.

நாலு மாத்திரையில சாகாத பாக்டீரியா மருந்துக்கே பழகிடும். பென்சிலினைக் கண்டுபிடிச்ச ஃபிளெமிங், 1945 நோபல் உரையிலேயே, கடையில வாங்கி அரைகுறையா சாப்பிடுவாங்கன்னு பயந்தார். மனுஷன் நம்ம ஹாஸ்டலைப் பார்த்த மாதிரியே பேசியிருக்கார்!

முகம் வீங்கி காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்க, முழுங்கக் கஷ்டமா இருந்தாலோ கதை வேற. அங்கே ஆன்டிபயாடிக் தேவைப்படலாம். ஆனா எதை, எத்தனை நாள்னு டாக்டர்தான் சொல்லணும். ராத்திரியா இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

'டென்டிஸ்ட்னா காசு பிடுங்குவாங்க'ன்னு இழுக்கிற சென்னைவாசிகளுக்கு: கோட்டை ரயில்வே ஸ்டேஷன் எதிரிலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு. காலேஜுக்கு ஒரு நாள் கட் அடிக்க இதைவிட நல்ல காரணம் கிடைக்குமா என்ன?