பேசித் தீர்க்கவும் பயிற்சி வேண்டும்

2015 சென்னை வெள்ளத்துக்குப் பிறகு முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் மனையை மேடாக்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறார்கள். அந்த மேட்டில் விழும் மழைநீர் பக்கத்து வீட்டு வாசலில் இறங்குகிறது. முதலில் வாய்த்தகராறு, அடுத்து காவல் நிலையத்தில் புகார், கடைசியில் முன்சீப் நீதிமன்றத்தில் வழக்கு. வருடங்கள் கழித்துத் தீர்ப்பு வந்தாலும், ஜெயித்தவரும் தோற்றவரும் அதே சுவருக்கு இருபுறமும்தான் குடியிருந்தாக வேண்டும்.

இப்படியொரு வழக்கு கையில் கிடைத்தால் சட்ட மாணவர் 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தைப் புரட்டுவார். புரட்டத்தான் வேண்டும். பேசித் தீர்க்க உதவும் சமரசரோ இரு தரப்பையும் முதலில் சேர்த்து வைத்துப் பேசுவார், பிறகு தனித்தனியாக. தனியறையில்தான் உள்ளது வெளியே வரும். ஒருவருக்குத் தண்ணீரைவிட, தெருவில் நாலு பேர் முன்னால் வாங்கிய வசவுதான் உறுத்தலாக இருக்கும். மற்றவருக்கோ வீட்டுக்கடன் தவணைக்கு மேல் இன்னொரு செலவு தாங்காது. இது புரிந்தபின்தான் வடிகுழாயை எந்தப் பக்கம் திருப்புவது, செலவை எப்படிப் பங்கிடுவது என்று பேச்சு நகரும். எந்தச் சட்டப் பிரிவிலும் எழுதியிராத தீர்வு அது.

இப்படிச் சமரசம் செய்வதில் தமிழ்நாடு நாட்டுக்கே முன்னோடி. மூத்த வழக்கறிஞர் ஸ்ரீராம் பஞ்சுவின் முயற்சியில், நீதிமன்றத்தோடு இணைந்த இந்தியாவின் முதல் சமரச மையம் 2005 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கியது. தரப்பினர் தாங்களாகவே வெளியில் பேசி முடித்துக்கொண்டாலும் நீதிமன்றக் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில்தான்.

புதுப்பாக்கத்தில் அரசு சட்டக் கல்லூரி, பெருங்குடியில் சட்டப் பல்கலைக்கழக வளாகம், வண்டலூரைச் சுற்றித் தனியார் கல்லூரிகள் என்று சென்னையின் தென்புறநகரில் நிறைய சட்ட மாணவர்கள் இருக்கிறார்கள். சமரசமும் அடங்கிய மாற்றுமுறைத் தீர்வு, பார் கவுன்சிலின் 2008 விதிகளின்படி கட்டாயப் பாடம். ஆனால் குறுக்கிடாமல் கேட்கும் பொறுமையைத் தேர்வுத்தாளில் சோதிக்க முடியாது. நீதிமன்றச் சமரசர்களுக்கே 40 மணிநேரப் பயிற்சி வைத்திருப்பது சும்மா இல்லை. எதைச் சமரசத்துக்கு அனுப்பக்கூடாது என்பதும் அந்தப் பயிற்சியில் சேர்த்திதான். அடிபட்டு வந்த பெண்ணிடம் ‘அனுசரித்துப் போம்மா’ என்பது சமரசம் ஆகாது.

தாம்பரம் வட்ட சட்டப் பணிகள் குழுவும் இந்தக் கல்லூரிகளும் கைகோத்தால், இறுதியாண்டு மாணவர்கள் உண்மையான அமர்வுகளில் ஓரமாக உட்கார்ந்து கவனிக்கலாம். இரு தரப்பும் சம்மதிக்க வேண்டும். அறையில் கேட்டதை வெளியே சொல்வதில்லை என்று மாணவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்கலாம்.