பாட்டு இருக்கிறது, வழி சொல்வார் யார்?

சென்னைக்குத் தெற்கே, பழைய மகாபலிபுரம் சாலையில், கேளம்பாக்கத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது படூர். பொறியியல் கல்லூரி இருக்கிறது. அடுக்கு மாடி வீடுகள் எழும்பி நிற்கின்றன. கிழக்கே முட்டுக்காட்டு உப்பங்கழி. அதைத் தாண்டினால் கோவளம், மீனவர் குப்பங்கள்.

ஆடி மாதம் பிறந்தால் இந்த வட்டாரத்து அம்மன் கோவில்களில் கூழ் வார்ப்பார்கள். பம்பையும் உடுக்கையும் முழங்கும். அதே தெருவில் பஸ்ஸுக்கு நிற்கும் கல்லூரி மாணவர் காதில் இயர்போன் மாட்டியிருப்பார். எங்கோ அயல்நாட்டில் நேற்று வெளிவந்த பாட்டு அவர் காதில் ஒலிக்கும்.

கைப்பேசிக்குள் கோடிக்கணக்கான பாட்டுகள் இருக்கின்றன. பக்கத்துத் தெருப் பம்பைக்காரரின் பாட்டும் அதில் இருக்கலாம். ஆனால், இருப்பதை அந்த மாணவருக்கு யார் சொல்வது?

இன்று இசை உலகத்தின் முன் நிற்கும் பெரிய கேள்வி இதுதான்.

மூன்று வகை

சினிமாப் பாட்டுக்கு விளம்பரம் உண்டு, நடிகர் உண்டு. அது தானாக வந்து காதில் விழும். தேடிப் பிடிக்க வேண்டியவை வேறு மூன்று.

ஒன்று, நாட்டுப்பாடல். இதற்கு விளக்கம் தேவையில்லை.

இரண்டாவது, 'சைக்கடெலிக்' இசை. 1960-களில் மேல்நாட்டில் தோன்றியது. நீண்டு சுழலும் ஒலி, எதிரொலி, கனவில் கேட்பது போன்ற மயக்கம் இதன் குணம். போதை மருந்துப் பழக்கத்தோடு ஒட்டிப் பிறந்த பெயர் இது. அந்தப் பழக்கத்தைக் கச்சேரிக்குக் கொண்டுவராதீர்கள் என்று பண்டிட் ரவிசங்கர் வெளிப்படையாகவே கண்டித்தார்.

மூன்றாவது, 'ஆம்பியன்ட்' இசை. இதைச் 'சூழல் இசை' என்று சொல்லலாம். ஊதுவத்தி மணம்போல அறையில் பரவி நிற்கும். 1978-ல் பிரையன் ஈனோ என்ற ஆங்கிலேயர் விமான நிலையங்களுக்கென்றே ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். இந்தப் பெயர் அதிலிருந்துதான் பரவியது.

இவை நமக்கு முற்றிலும் அந்நியமா? இல்லை. 1966-ல் பீட்டில்ஸ் குழுவினர் வெளியிட்ட இசைத்தட்டிலேயே தம்பூராவின் சுருதி கேட்கிறது. நம் கச்சேரி மேடையின் பின்வரிசையில் இருக்கும் தம்பூரா, அவர்களுக்குப் புது உலகத்தின் வாசலாகப் பட்டது!

28 ஆண்டுத் தூக்கம்

சரண்ஜித் சிங் பம்பாயில் சினிமா இசைக்குழுக்களில் வாசித்தவர். 1982-ல் மின்னணு இசைக்கருவிகளைக் கொண்டு பத்து ராகங்களை வாசித்து இசைத்தட்டாகக் கொண்டுவந்தார். அதை அன்று யாரும் பொருட்படுத்தவில்லை. 2010-ல் நெதர்லாந்தைச் சேர்ந்த சிறு நிறுவனம் ஒன்று அதை மறுபடியும் வெளியிட்டது. உலகம் வியந்தது. முதிய வயதில் அவர் வெளிநாட்டு மேடைகளில் வாசித்தார். 2015-ல் காலமானார்.

1982-க்கும் 2010-க்கும் இடையே அந்த இசையில் ஒரு ஸ்வரம்கூட மாறவில்லை. 'இதைக் கேளுங்கள்' என்று சொல்ல ஓர் ஆள் கிடைத்தார். மாறியது அவ்வளவுதான்.

ரேடியோ காட்டிய பாடம்

முன்பு அந்த ஆள் ரேடியோவில் இருந்தார். 1952-ல் மத்திய மந்திரி பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்குத் தடை போட்டார். நேயர்கள் என்ன செய்தார்கள்? முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். கடைசியில், 1957 அக்டோபரில், 'விவித பாரதி' பிறந்தது.

வாசலை அடைத்தால் ஜனங்கள் வேறு வாசல் தேடுவார்கள் என்பது இதில் ஒரு பாடம். இன்னொரு பாடமும் உண்டு. இலங்கை வானொலி அறிவிப்பாளர் வெறுமனே பாட்டுப் போடவில்லை. பாடியவர் யார், இசையமைத்தவர் யார் என்று சொல்லிவிட்டுத்தான் போட்டார். பாட்டோடு பெயரும் மனத்தில் பதிந்தது.

யந்திரத்தின் கணக்கு

இன்று அந்த வேலையை யந்திரம் செய்கிறது. நேற்று நீங்கள் எதைக் கேட்டீர்கள், உங்களைப் போன்றவர்கள் எதைக் கேட்டார்கள் என்று அது கணக்குப் போடுகிறது. அதையொட்டி இன்றைய பாட்டை நீட்டுகிறது. லட்சம் பேர் கேட்ட பாட்டை மேலும் லட்சம் பேருக்குக் காட்டும். பத்துப் பேர் கேட்டது அடியில் கிடக்கும்.

பணத்திலும் இதே கதைதான். 'ஸ்பாட்டிஃபை' நிறுவனம் 2019-ல் இந்தியாவுக்கு வந்தது. 12 மாதத்தில் 1,000 தடவைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட பாட்டுக்கு உரிமைத் தொகை இல்லை என்று 2024-ல் விதி செய்தது. சினிமாப் பாட்டுக்கு ஆயிரம் ஒரு பொருட்டல்ல. கிராமத்து உடுக்கைப் பாட்டுக்கு அது ஒரு மலை!

வேறு வழியும் இருக்கிறது. 'பேண்ட்கேம்ப்' என்ற இணையக் கடையில் கலைஞரே விலை வைக்கிறார். கடைக்காரர் எடுத்துக்கொள்வது பொதுவாக நூற்றுக்குப் பதினைந்து. 2020 முதல், குறிப்பிட்ட சில வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பங்கையும் விட்டுக்கொடுக்கிறார். இசையின் வகையைச் சொல்லித் தேடலாம். ஊரைச் சொல்லியும் தேடலாம். சென்னை என்று போட்டால் சென்னைக் கலைஞர்கள் வருவார்கள்.

பெயர் யாருக்கு?

தமிழ்நாட்டில் முயற்சிக்குக் குறைவில்லை. 2018 ஜனவரியில் டைரக்டர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் மேடை ஏறியது. கானாவும் பறையும் கிதாரும் ஒன்றாக ஒலித்தன. 2020 டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' தொடங்கியது. சபாக்களின் மாதத்தில் ஒப்பாரிக்கும் இடம் கிடைத்தது.

2021-ல் வந்தது 'என்ஜாய் எஞ்சாமி'. தீயும் அறிவும் பாடினார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து பிறந்த பாட்டு என்றார் அறிவு. பல கோடிப் பேர் கேட்டார்கள்.

அடுத்த ஆண்டு, படூரிலிருந்து இதே சாலையில் தெற்கே போனால் வரும் பூஞ்சேரியில் உலக செஸ் ஒலிம்பியாட் நடந்தது. சென்னையில் நடந்த அதன் தொடக்க விழாவில் இந்தப் பாட்டு ஒலித்தது. அறிவு மேடையில் இல்லை. பாட்டை எழுதியதும், மெட்டமைத்ததும், பாடியதும் தாமே என்று அவர் இணையத்தில் எழுதினார். தீயும் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனும் தங்கள் பங்கை விளக்கிப் பதில் சொன்னார்கள். 2024-ல் சந்தோஷ் நாராயணன், மூவருக்கும் அந்தப் பாட்டிலிருந்து ஒரு பைசாகூட வரவில்லை என்றார்.

உலகமே கேட்ட பாட்டின் கதி இது என்றால், ஊர் மட்டும் கேட்கும் பாட்டின் கதி என்ன?

என்ன செய்யலாம்?

படத்தின் பெயரைப் போட்டுத் தேடும் வழக்கத்தைக் கொஞ்சம் மாற்றலாம். வாத்தியத்தின் பெயரைப் போடுங்கள்: பம்பை, உடுக்கை, பறை, நையாண்டி மேளம். பாடியவரின் பெயரைப் போடுங்கள். பிடித்திருந்தால் அவரிடமே நேராக வாங்குங்கள். நண்பருக்கு அனுப்பும்போது பெயரையும் சேர்த்து அனுப்புங்கள்.

நேரில் கேட்கவும் இடம் உண்டு. படூருக்குக் கிழக்கே, உப்பங்கழிக்கு அக்கரையில், முட்டுக்காட்டு தட்சிணசித்ரா 1996 முதல் நாட்டுப்புறக் கலைகளுக்கு இடம் தந்து வருகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, சமுதாய வானொலி இருக்கிறது. 2004-ல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் சமுதாய வானொலி தொடங்கியது. செங்கல்பட்டு மாவட்டத்தில், காட்டாங்குளத்தூர்க் கல்வி வளாகத்தில் 'முத்துச்சரம்' வானொலி உண்டு. இவற்றின் சக்தி 100 வாட்தான். சுற்று வட்டாரத்துக்கு மட்டுமே எட்டும். ஆனால், நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்கள் பங்கேற்புடன் தயாராக வேண்டும் என்பது சட்டம். பம்பைக்காரர் அங்கே போய் வாசிக்கலாம். உப்பங்கழிக்கு அக்கரை மீனவர் தம் அம்பாப் பாட்டைப் பாடலாம். பக்கத்துக் கல்லூரி மாணவர் அதன்மேல் தம் புது இசையைச் சேர்த்துப் பார்க்கலாம். அறிவிப்பாளர் மூவரின் பெயரையும் சொல்வார்.

பழைய மகாபலிபுரம் சாலை நெடுகக் கல்லூரிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வாரத்துக்கு ஒரு மணி நேரத்தை உள்ளூர்ப் பாட்டுக்கு ஒதுக்கினால் போதும். யந்திரத்துக்குத் தெரியாத பெயர்கள் ஊருக்குத் தெரியவரும்.