ஒற்றை எண் உயிருக்கு உத்தரவாதம் ஆகாது

வண்டியூர் வீடுகளில் ஒரு துண்டறிக்கை கொடுக்கப்பட்டிருக்கிறது. காய்ச்சல் கண்ட முதல் நாளே ரத்தத்தில் இன்டர்லூக்கின்-6 அளவைப் பார்த்துவிட்டால், டெங்கு யாருக்கு முற்றும் என்று தெரிந்துவிடும் என்கிறது அது. அளவு குறைவாக இருந்தால் வீட்டிலேயே நிம்மதியாக இருக்கலாம் என்கிறது. தினமும் ரத்த அணுக்களை எண்ணிப் பார்ப்பது காலாவதியான முறை என்றும் சொல்கிறது. எழுதியவர் மருத்துவம் படித்தவர். அறியாமை என்று இதை மன்னிக்க வழியில்லை.

வைரஸ் நுழைந்ததும் நோய் எதிர்ப்புச் செல்கள் தமக்குள் சேதி சொல்லச் சுரக்கும் புரதங்கள் சைட்டோகைன்கள். இன்டர்லூக்கின்-6 அவற்றில் ஒன்று. நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனைகளில் 1,484 கோவிட் நோயாளிகளை ஆராய்ந்து 2020-இல் வெளியான முடிவைத்தான் துண்டறிக்கை தூக்கிப் பிடிக்கிறது. இன்டர்லூக்கின்-6 கூடுதலாக இருந்தவர்களிடம் இறப்பும் கூடுதலாக இருந்தது உண்மை. ஆனால் அவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கும் நிலைக்கு வந்த கோவிட் நோயாளிகள். அந்த முடிவை, நேற்றிரவு காய்ச்சல் தொடங்கிய டெங்குப் பிள்ளையின் மேல் எடுத்து ஒட்ட எந்த அறிவியல் அனுமதி தந்தது?

டெங்குவுக்கென்றே ஆய்வு இருக்கிறது. வியட்நாம், கம்போடியா, மலேசியா, எல் சால்வடார் ஆகிய நாடுகளில், காய்ச்சல் தொடங்கி மூன்று நாளுக்குள் வந்தவர்களின் ரத்தத்தைச் சோதித்து, 2021-இல் ஈலைஃப் இதழில் வெளியிட்டார்கள். பத்துக் குறியீடுகளை அளந்தார்கள். அந்தப் பத்தில் இன்டர்லூக்கின்-6 இல்லை. எந்தக் குறியீடுகளைச் சேர்த்துப் பார்த்தால் நன்றாகக் கணிக்கலாம் என்பதும் குழந்தைகளுக்கு ஒரு விதம், பெரியவர்களுக்கு வேறு விதம். ஒரே எண் எல்லோருக்கும் போதும் என்று அந்த ஆய்வாளர்களே சொல்லவில்லை. துண்டறிக்கை துணிந்து சொல்கிறது.

துண்டறிக்கை எழுதியவர் கணக்காவது போட்டுப் பார்த்தாரா? நூறு டெங்கு நோயாளிகளில் ஐந்து பேருக்கு நோய் முற்றும் என்று வைத்துக்கொள்வோம். நோய் முற்றுவோரிலும் முற்றாதோரிலும் நூற்றுக்கு எண்பது பேரைச் சரியாகச் சொல்லும் பரிசோதனை என்றும் தாராளமாக ஒப்புக்கொள்வோம். ஐவரில் நால்வரைப் பிடிக்கும். கூடவே ஒன்றுமில்லாத 19 பேரையும் ஆபத்து என்று மிரட்டும். மீதி ஒருவரிடம், ‘உனக்குப் பயமில்லை, வீட்டில் இரு’ என்று சொல்லி அனுப்பும். அந்த ஒருவருக்கு யார் பொறுப்பு?

டெங்கு ஏமாற்றும் நோய். பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் விட்டு வீட்டார் மூச்சு விடும் நேரத்தில்தான் ரத்தக் குழாயிலிருந்து பிளாஸ்மா கசியத் தொடங்குகிறது. தட்டணுக்கள் மளமளவென்று குறைய, ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹெமடோக்ரிட் ஏறினால் அதுவே எச்சரிக்கை. அடுத்தடுத்த அளவுகளை ஒப்பிட்டால்தான் ஏற்றமும் இறக்கமும் தெரியும். முதல் நாள் எடுத்த ஒற்றை அளவில் அது தெரிய வழியே இல்லை. அவர் காலாவதி என்று ஒதுக்கும் அந்த மலிவான பரிசோதனைதான் எப்போது, எவ்வளவு சலைன் ஏற்றுவது என்பதற்கு மருத்துவருக்கு வழிகாட்டுகிறது.

இன்டர்லூக்கின்-6 அளவு கூடினால் முன்கூட்டியே ஸ்டீராய்டு கொடுத்து அடக்கலாம் என்பது அவருடைய அடுத்த யோசனை. வியட்நாமில் 225 டெங்கு நோயாளிகளிடம் முன்கூட்டியே ஸ்டீராய்டு கொடுப்பதைச் சோதித்து 2012-இல் வெளியிட்டார்கள், பலன் இல்லை. கோவிட்டிலும் ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு உதவவில்லை என்று பிரிட்டனின் ரெகவரி ஆய்வு காட்டியது. எதிர்ப்புச் சக்தியின் சேதிகளை நேரம் பார்க்காமல் அடக்குவதற்கு வைத்தியம் என்று பெயரில்லை.

2017-இல் தமிழ்நாட்டில் பதிவான டெங்கு நோயாளிகள் 23,294 பேர். இறந்தவர்கள் 65 பேர். இத்தனை பேரில் அத்தனை பேர் பிழைத்தது அரசுப் பெரியாஸ்பத்திரி போன்ற இடங்களில் இரவும் பகலும் நாடி பார்த்து, சிறுநீர் அளந்து, ரத்தம் எடுத்த செவிலியர்களாலும் மருத்துவர்களாலும். அந்த உழைப்பைப் பழமை என்று இகழ்வதற்கு இவருக்கு எந்தத் தகுதியும் இல்லை.

சைட்டோகைன் ஆய்வு வளரட்டும். நம் ஊர் நோயாளிகளிடம் சோதித்து நிரூபித்தபின் வரட்டும். அதுவரை காய்ச்சல் விட்டபின் வயிற்று வலி, அடங்காத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்வு எது தெரிந்தாலும், கையில் எந்த எண் இருந்தாலும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். துண்டறிக்கை எழுதியவர் அதைத் திரும்பப் பெற்று, அது போன ஒவ்வொரு வீட்டுக்கும் மறுப்பு அனுப்ப வேண்டும்.