கொலைக்கு நாலு பத்தி, குடைக்குக் குப்பைக்கூடையா?

ஐப்பசி பிறந்துவிட்டால் எனக்கு இரண்டே வேலைதான். எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது? எந்த வீட்டில் பூட்டு உடைந்தது? இந்த இரண்டையும் எழுதியே ஐந்து வருஷம் ஓட்டிவிட்டேன்.

சென்ற மழைக்காலத்தில் காவிரிக் கரைப் பக்கம் ஒரு சின்ன ஊருக்குப் போனேன். ஊர்ப் பெயர் வேண்டாம். கடைத்தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். மளிகைக் கடைக்காரர் கல்லாப்பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறார்!

அங்கே வந்த அதிகாரியைக் கேட்டேன், "இங்கே வாய்க்கால் ஏதாவது இருந்ததா சார்?" என்று.

"ஏது வாய்க்கால்? எப்பவுமே இது ரோடுதான்" என்று ஒரே போடாகப் போட்டார்.

பக்கத்தில் குடையோடு நின்ற பெரியவர் சிரித்தார். நாற்பது வருஷம் பத்திரிகைகளுக்குப் படம் எடுத்தவராம். "தம்பி, வீட்டுக்கு வாங்க. ஒண்ணு காட்டுறேன்" என்றார்.

கப்பல் விட்ட பையன்கள்

பரணிலிருந்து ஒரு பிஸ்கட் டின் இறங்கியது. உள்ளே பூராவும் நெகட்டிவ். ஒவ்வொரு கவர் மேலும் தேதி, இடம். ஒரு போட்டோவை எடுத்துக் கொடுத்தார்.

அதே கடைத்தெரு. அதே பிள்ளையார் கோவில் சுவர். சுவரை ஒட்டி ஓடுகிறது வாய்க்கால்! கரையில் நாலு பையன்கள் காகிதக் கப்பல் விடுகிறார்கள். பின்பக்கம் எழுதியிருந்தது: "ஐப்பசி, 1983."

"இதைப் பேப்பர்ல போட்டாங்களா ஐயா?"

"எங்க போட்டாங்க? 'பையன் கப்பல் விடுறதெல்லாம் நியூஸா? பையன் தண்ணியில விழுந்தா அனுப்பு'ன்னு திருப்பிட்டாங்க."

எனக்குச் சுருக்கென்றது. நானும் அப்படிச் சொல்லுகிற ஆள்தானே!

ரோலை முடிக்க எடுத்த படம்

இந்தப் படங்கள் பிறந்த கதை தெரியுமா? ஒரு பிலிம் ரோலில் 36 படம். லாரி விபத்துக்கு நாலு, மந்திரி வருகைக்கு ஆறு. மீதியை என்ன செய்வது? பாதி ரோலைக் கழுவினால் கைக்காசு நஷ்டம். அதனால் அவசரம் இல்லாத நாளில் தெருவில் கண்டதை எடுத்து ரோலை முடிப்பார்கள்.

ஊட்டியில் 1960-ல் மத்திய அரசு ஆரம்பித்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் கம்பெனியின் 'இந்து' பிலிமில் எடுத்தவை பல. அந்தக் கம்பெனியும் மூடியாச்சு. இவர் வீட்டு இருட்டறையிலேயே கழுவி, பிரிண்டை மட்டும் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புவாராம். அதனால் நெகட்டிவ் தங்கியது. அச்சான படத்துக்குத்தான் காசு. அச்சாகாத படத்துக்கு டீக்காசு கூடக் கிடையாது!

டின்னில் என்னதான் இல்லை? சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு நாற்று நடும் பெண்கள். தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி, தையல்கடை வாசலில் சட்டைக்குக் காத்துக்கிடக்கும் கூட்டம். நமத்துப்போன பட்டாசைத் திண்ணையில் காயவைக்கும் சிறுவன். கார்த்திகைக்கு அகல் விற்கும் அம்மா. அகலுக்கு மேலே குடை, அவள் மழையில்!

மாயவரம் துலாக்கட்டத்தில் ஐப்பசிக் கடைசி நாள் கடைமுழுக்கு. சாமி புறப்பாட்டுப் படம் எல்லாப் பேப்பரிலும் வரும். இவர் மறுநாளும் போயிருக்கிறார். கார்த்திகை முதல் தேதி முடவன் முழுக்கு. கூட்டம் கலைந்த படித்துறையில் ஒரு பாட்டி, பேரன் கையைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறாள். அந்தப் படமும் திரும்பி வந்ததுதான்.

நின்ற தென்னை எங்கே?

இதெல்லாம் வெறும் அழகு சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். 2018 நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. விழுந்த தென்னைகளின் படம் எத்தனை வேண்டும்? மூட்டை மூட்டையாக இருக்கிறது. முதல் நாள் வரை நின்ற தோப்பின் படம்? தேடிப் பாருங்கள். இழந்தது என்ன என்று காட்ட, இருந்ததன் படம்தானே வேண்டும்?

"இப்போ எல்லார் கையிலும் செல்போன். படத்துக்கா பஞ்சம்?" என்று கேட்பீர்கள். படம் இருக்கிறது, விவரம் இல்லை. வாட்ஸ்அப்பில் நாலு கை மாறினால் யார் எடுத்தது, எந்தத் தேதி, எந்தத் தெரு, ஒன்றும் தெரியாது. போன் தண்ணீரில் விழுந்தால் அதுவும் போச்சு. நம் ஆட்கள் எடுப்பதும் தங்கள் முகத்தைத்தான். பின்னால் இருக்கும் வாய்க்காலை அல்ல.

என்ன செய்யலாம்?

அச்சான பேப்பருக்கு ஒரு வீடு இருக்கிறது. 1954-ல் வந்த சட்டத்தில் 1956-ல் பத்திரிகைகளையும் சேர்த்தார்கள். ஒரு பிரதி கன்னிமாரா போன்ற நூலகத்துக்குப் போய்ச் சேரும். அச்சாகாத படத்துக்கு வீடு எது? போட்டோகிராபர் வீட்டுப் பரண்தான். மழைக்காலத்தில் அங்கே பூசணம் பிடிக்கும். அவர் கண்ணை மூடினால் பிள்ளைகள் எடைக்குப் போடுவார்கள்.

ஒவ்வொரு மாவட்ட மைய நூலகத்திலும் ஓர் அலமாரி, ஒரு ஸ்கேனர், ஓர் ஆள். இதற்குக் கோடி ரூபாய் வேண்டுமா? ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிட்டு, படத்தில் இருப்பது எந்தத் தெரு என்று கேட்டு எழுதி வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

போட்டோகிராபர்களுக்கும் ஒரு சேதி. 1957-ம் வருஷக் காப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் பத்திரிகைக்காக எடுத்த படத்தில், பத்திரிகையில் போடும் உரிமைதான் முதலாளிக்கு. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மற்ற உரிமை எடுத்தவருக்கே. சும்மா தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

எங்கள் ஆபீஸ் பெரியவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். தினம் நாலு பத்தி கொலைக்குக் கொடுக்கிறோம். வாரம் ஒரு நாள் கால் பத்தி ஒரு குடைக்குக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

பெரியவரின் படத்தை அந்த அதிகாரியிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத் தேதியையும் பார்த்தார். "மனு எழுதிக் கொடுங்க, பார்க்கலாம்" என்றார். கடைக்காரர்கள் எழுதிக் கொடுத்தார்கள்.

வாய்க்கால் இன்னும் வரவில்லை. ஆனால் இங்கே வாய்க்காலே கிடையாது என்று இப்போது அங்கே யாரும் சொல்வதில்லை.