கல் பாவிய தெருவும் அம்மாவின் முழங்காலும்

வாலாஜாபேட்டையிலிருந்து அம்மா வந்து இரண்டு மாதம் ஆகிறது. ஹாரோவில் எங்கள் வீட்டைச் சுற்றியுள்ள கடைகளையும் கோயிலையும் பார்த்துவிட்டு, ஒரு நாள் கேட்டாள்: "இது நம்ம ஊர் மாதிரிதான்டா இருக்கு. இங்கிலீஷ்காரன் ஊரு எங்க இருக்கு?"

நியாயமான கேள்வி. மே மாதக் கடைசியில் பிள்ளைகளுக்கு ஒரு வாரம் ஹாஃப் டெர்ம் விடுமுறை. பள்ளி நாளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கிளம்பினால் இங்கே அபராதம் கட்ட வேண்டும் என்பதால், நாட்டிலுள்ள அத்தனை குடும்பமும் அந்த ஒரே வாரத்தில்தான் பெட்டி கட்டும். விலையும் அதே வாரத்தில்தான் ஏறும். பழைய அழகு கெடாத ஊர் ஒன்றைப் பார்த்து நான்கு நாள் தங்கலாம் என்று முடிவானது. என் மனைவி ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டி நான்கு பெயர்களை எழுதினாள்: பாத், யார்க், ரை, விட்பி. படங்களில் நான்குமே ஒன்றை ஒன்று தூக்கி அடிக்கும்.

முதலில் அடிபட்டது பாத். ரோமானியர் கட்டிய குளத்தில் 46 டிகிரி வெந்நீர் இன்றும் ஊறிக்கொண்டிருக்கிறது, ஆனால் அதில் கால் நனைக்கக்கூட விடமாட்டார்கள் என்றேன். "குளிக்க முடியாத கொளத்தைக் காசு குடுத்துப் பாக்கணுமா?" என்றாள் அம்மா. விட்பியில் கடல் உண்டு, மீன் உண்டு, டிராகுலா கதையும் உண்டு. மலைமேல் இருக்கும் மடாலயத்துக்கு 199 படியும் உண்டு. எழுபத்தோரு வயது முழங்காலுக்கு 199 என்ற எண்ணைச் சொன்னதுமே அந்தப் பெயரை மனைவியே அடித்துவிட்டாள். ரையில் நானே ஒருமுறை நடந்திருக்கிறேன். மெர்மெய்ட் தெருவின் கூழாங்கற்கள் படத்தில் தேன் தடவியது போல மின்னும். நடந்தால் கணுக்கால் ஒவ்வொரு கல்லிலும் ஒரு பக்கம் திரும்பும். அம்மாவை அங்கே அழைத்துப் போவது பாவம்.

ரையை நினைத்தால் எனக்கு வேறொன்றும் தோன்றும். அது ஒரு காலத்தில் துறைமுகம். மண் தூர்ந்து, கடல் இரண்டு மைல் தள்ளிப் போய்விட்டது. கப்பல் நின்றது, காசு நின்றது, வீட்டை இடித்துப் புதிதாகக் கட்ட யாரிடமும் பணமில்லை. சஃபோக்கில் லாவனம் என்ற சிற்றூர், கம்பளித் துணியால் 1520களில் இங்கிலாந்தின் முதல் இருபது பணக்கார ஊர்களுள் ஒன்றாக இருந்தது. வியாபாரம் படுத்ததும் ஊர் அப்படியே உறைந்துவிட்டது. ஸ்டாம்ஃபோர்டு என்ற ஊரைத் தவிர்த்து ரயிலின் பிரதான பாதை பீட்டர்பரோ வழியாகப் போனது, அதனால் அங்கே கல் வீடுகள் தப்பின. நாம் காசு கொடுத்துப் பார்க்கப் போகும் இந்த அழகில் பாதி, அந்த ஊர்க்காரர்களின் தாத்தாக்களுக்குக் காசில்லாமல் போனதால் வந்தது. அவர்களுக்குக் கொஞ்சம் வசதி இருந்திருந்தால் சாய்ந்த சுவரை எல்லாம் தட்டிவிட்டு நிமிர்த்திக் கட்டியிருப்பார்கள்.

மிச்சம் யார்க். முதன்முறையாக ஒரு பழைய ஊரைப் பார்க்கக் குடும்பத்தோடு போகிறவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு யார்க்கைச் சொல்வேன். தரை சமம், ஊரைச் சுற்றி மூன்று கிலோமீட்டருக்கு மேல் மதில், நுழைவுக் கட்டணமே இல்லாத ரயில் அருங்காட்சியகம். அங்கே தெருவுக்குப் பெயர் 'கேட்', வாசலுக்குப் பெயர் 'பார்' என்ற குழப்பமே பிள்ளைகளுக்கு அரை நாள் விளையாட்டு. ஆனால் பதினான்கு வயது மகள் பள்ளியோடு போய்வந்துவிட்டாள். பார்த்த ஊரை மறுபடி பார்ப்பது அந்த வயதில் மான இழப்பு.

ஐந்தாவது பெயரைத் தாளில் எழுதியவன் பத்து வயது மகன். ஆறாம் வகுப்பில் பரிணாமம் நடத்துகிறார்கள். டார்வின் பிறந்த ஊர் ஷ்ரூஸ்பரி என்று படித்துவிட்டு வந்து எழுதினான். ஊர்ப் பெயரை அவன் வாய்விட்டுச் சொன்னதும் அம்மா நிமிர்ந்தாள். "அது பிஸ்கட்டு பேரு இல்ல? பூனாவுலேர்ந்து எங்கண்ணன் லீவுக்கு வரச்சே வாங்கியாருவாரே." ஆமாம், அதே பெயர்தான். ஐம்பது வருடத்துக்கு முன் தின்ற பிஸ்கட்டுக்கு ஓர் ஊர் இருக்கிறது என்பதில் அவளுக்கு ஏற்பட்ட சந்தோஷத்தில் வாக்கெடுப்பு முடிந்தது.

தங்கும் இடத்தில்தான் ஏமாந்தேன். விளம்பரத்தில் 'குணம் நிறைந்த பழைய வீடு' என்று போட்டிருந்தது. வீட்டுக்குக் 'குணம்' இருக்கிறது என்று இந்த நாட்டில் எழுதினால் படி செங்குத்து, உத்தரம் நெற்றியில் இடிக்கும், குழாயில் வெந்நீர் வர நேரமாகும் என்று பொருள். இதை இருபது வருடம் இங்கே இருந்தும் நான் கற்கவில்லை. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் உள்ள வீடு, அனுமதியில்லாமல் ஒரு ஜன்னலைக்கூட மாற்ற முடியாது, லிஃப்டுக்கு எங்கே போவது என்று வீட்டுக்காரர் கை விரித்தார். கேட்காமல் பதிவு செய்தது என் தப்பு. அம்மா ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கி, அந்தந்தத் திருப்பத்துக்கு ஒரு வசவு வீதம் எனக்குக் கொடுத்துக்கொண்டே ஏறினாள். மேலே போனதும் மகன் ஓர் ஆரஞ்சுப் பழத்தைத் தரையில் வைத்தான். அது தானாகக் கிளம்பி, கட்டிலைச் சுற்றிக்கொண்டு போய் எதிர்ச்சுவரில் முட்டி நின்றது. அந்த நான்கு நாளில் அவனுக்கு அதைவிடப் பெரிய வேடிக்கை எதுவும் கிடைக்கவில்லை.

ஊரின் பெயரை எப்படிச் சொல்வது என்று ஊர்க்காரர்களிடையே இன்னும் தீரவில்லை. பாதிப் பேருக்கு ஷ்ரூஸ்பரி, பாதிப் பேருக்கு ஷ்ரோஸ்பரி. இங்கிலீஷில் எழுதுகிறவர்கள் இரண்டுக்கும் ஒரே எழுத்தைப் போட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். தமிழில் எழுதும்போது ஏதாவது ஒரு கட்சியில் சேர வேண்டியிருக்கிறது. ஸ்டேஷனில் எங்களை ஏற்றிக்கொண்ட டாக்ஸிக்காரர் சொன்ன கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

செவர்ன் ஆறு ஊரை ஏறக்குறைய முழுதாகச் சுற்றி வளைத்துக்கொண்டு ஓடுகிறது. பானையின் கழுத்துப் போல ஒரே ஒரு பக்கம்தான் நிலம், அதன்மேல் கோட்டை. கிழக்கே இங்கிலீஷ் பாலம், மேற்கே வெல்ஷ் பாலம். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இதைவிட நல்ல அமைப்பு கிடையாது, ஏனென்றால் பிள்ளை எந்தப் பக்கம் ஓடினாலும் கடைசியில் ஆற்றில் முட்டி நிற்பான். 600க்கும் மேற்பட்ட கட்டடங்கள் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளன. வெள்ளைச் சுவரில் கறுப்பு மரச்சட்டம் போட்ட வீடுகள், மேல்மாடி கீழ்மாடியைவிடத் தெருவுக்குள் துருத்திக்கொண்டு நிற்கின்றன. கூழாங்கல் குறைவு. மேடு உண்டு. வைல் காப் என்ற கடைத்தெரு நல்ல ஏற்றம், அம்மாவுக்காக அதை எப்போதும் மேலிருந்து கீழாகவே பார்த்தோம். க்ரோப் லேன் என்றொரு சந்து, இரு பக்கத்து மேல்மாடிகளும் தொட்டுக்கொள்கிற மாதிரி நெருங்கியிருக்கும். அந்தப் பெயர் ஏன் வந்தது என்று மகன் கேட்டான். அது ஒரு காலத்தில் தாசிகள் இருந்த தெரு. "இருட்டில் தடவித் தடவி நடப்பார்களாம்" என்று சொல்லி நகர்ந்தேன். மகள் என்னைப் பார்த்த பார்வையில் அவளுக்கு விஷயம் தெரியும் என்று தெரிந்தது.

ஊர் நடுவே சதுக்கம். அங்கே 1596இல் கட்டிய பழைய சந்தை மண்டபம், இப்போது மாடியில் சினிமா ஓடுகிறது. கீழே கல் தூண்கள்தான். ஒரு தூணில் வரிசையாகத் துளைகள். ஆட்டு உரோமக் கட்டுகள் கை மாறும்போது கணக்குத் தவறாமல் இருக்க அந்தத் துளைகளை வைத்து எண்ணினார்களாம். மகன் ஒவ்வொன்றாக விரலை விட்டுப் பார்த்தான். விளிம்பெல்லாம் வழவழவென்று தேய்ந்திருந்தது. வேல்ஸிலிருந்து வந்த கம்பளித் துணியை வாங்கி விற்றுத்தான் இந்த ஊர் இத்தனை மர வீடுகளைக் கட்டியது.

அந்த மண்டபத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு வெண்கலச் சிலை. மகன் போய்ப் பெயரைப் படித்துவிட்டு வந்து, "ஆயா, கிளைவ்" என்றான். ராபர்ட் கிளைவ் இந்த ஊரின் எம்.பி.யாக இருந்தவர், 1762இல் மேயர். சிலை 1860இல் வைத்தது. அதை அகற்ற வேண்டும் என்று 2020இல் பெரிய குரல் எழுந்தது, உள்ளாட்சி மன்றம் கூடி வாக்கெடுத்து இருக்கட்டும் என்று முடிவு செய்தது.

அம்மா இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. அவள் படித்த பள்ளியிலிருந்து பாலாற்றைத் தாண்டினால் ஆற்காடு. கோட்டையில் மிச்சமிருக்கும் டெல்லி கேட்டை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். 1751இல் கிளைவ் ஐந்நூறு பேரோடு போய் அந்தக் கோட்டையைப் பிடித்தார். அதன்பின் சந்தா சாகிப்பின் மகன் வந்து வளைத்துக்கொள்ள, ஏறக்குறைய ஐம்பது நாள் உள்ளேயே தாக்குப் பிடித்தார். அந்த ஐந்நூறில் முந்நூறு பேர் நம் சிப்பாய்கள். முற்றுகையில் அரிசி குறைந்தபோது சோற்றை வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் கொடுத்துவிட்டு வடித்த கஞ்சியைத் தாங்கள் குடித்தார்கள் என்றொரு கதை நெடுநாளாகச் சொல்லப்பட்டு வருகிறது. கிளைவ் யாருக்காகச் சண்டை போட்டாரோ அந்த நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயர்தான் எங்கள் ஊருக்கு.

"கஞ்சி குடிச்சவங்க கதையைப் பாடத்துல படிச்சேன்" என்றாள் அம்மா. "நன்றி விசுவாசம்னு டீச்சர் சொன்னாங்க. எனக்கு அப்பவே அது சரியாப் படலை. வேற வழியில்லாமக் குடிச்சிருப்பாங்க." சிலையை இன்னொரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள். "ஆளு நல்லா வாட்டசாட்டமாத்தான் இருந்திருக்கான்" என்று சொல்லிவிட்டு டீ எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். இருபது மைல் தள்ளி போவிஸ் கோட்டையில் திப்புவின் கூடாரத்தை வைத்திருக்கிறார்கள், போகலாம் என்று மகள் சொல்லிப் பார்த்தாள். முழங்கால் அனுமதிக்கவில்லை.

டார்வினுக்கு அதிகம் செலவிடவில்லை. அவர் படித்த பழைய பள்ளிக்கூடம் இப்போது பொது நூலகம், வாசலில் அவர் உட்கார்ந்திருக்கும் சிலை. வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் அண்ணனோடு சேர்ந்து ரசாயனப் பரிசோதனை செய்ததால் பள்ளியில் அவருக்கு 'கேஸ்' என்று பட்டப்பெயர் என்றேன். மகனுக்குப் பரிணாமத்தைவிட இது பிடித்துப்போயிற்று.

எங்கள் குடும்பம் ஏகமனதாக ரசித்த இடம் எதுவென்றால், அந்த ஊரிலேயே அழகில்லாத கட்டடம். 1965இல் திறந்த செங்கல், கான்கிரீட் சந்தைக் கட்டடம். உயரமான மணிக்கூண்டு ஒன்று பழைய தேவாலயக் கோபுரங்களோடு போட்டி போட்டு நிற்கிறது. நூறு வருடம்கூட நிற்காத விக்டோரியா காலத்துக் கட்டடத்தை இடித்துவிட்டு இதைக் கட்டினார்களாம். பழமை தேடி ரயில் மாறி வந்த நான் முகத்தைச் சுளித்தேன். உள்ளே போனால் பூ, பாலாடைக்கட்டி, பழைய புத்தகம், மாடியில் ஆளுக்கொரு நாட்டுச் சமையல். 2018இலும் 2023இலும் பிரிட்டனின் மக்கள் விரும்பும் சந்தை என்ற பட்டம் வாங்கியது இது. மூன்று மதியம் அங்கேதான் சாப்பிட்டோம்.

கடைசி நாள் நானும் பிள்ளைகளும் 1797இல் கட்டிய ஆளி நூல் ஆலையைப் பார்க்கப் போனோம். உள்சட்டம் முழுக்க இரும்பால் எழுந்த உலகின் முதல் கட்டடம் அது. அம்மா வரவில்லை. குவாரி என்ற ஆற்றங்கரைப் பூங்காவில் ஒரு பெஞ்சில் மனைவியோடு உட்கார்ந்துவிட்டாள். திரும்பி வந்தபோதும் அதே பெஞ்ச். செவர்ன் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. குளிர்காலத்தில் இது பொங்கிக் கீழ்த்தெருக்களுக்குள் வந்துவிடும், 2020 பிப்ரவரியில் அப்படித்தான் வந்தது, அந்த மாதங்களில் இங்கே அறை எடுப்பவர்கள் ஆற்றங்கரையை விட்டு விலகி எடுப்பது நல்லது என்று என் வழக்கப்படி தகவல் சொன்னேன்.

"பாலாத்துல தண்ணி வந்தா நாங்க பாலத்து மேல நின்னு பாப்போம்" என்றாள். "இங்க சும்மா ஓடுது, ஒருத்தனும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கறான்."

ரயிலில் மகன் அடுத்த முறைக்கு யார்க் என்று ஆரம்பித்தான். மகள் மறுத்தாள். அம்மா கண்ணைத் திறக்காமலே, "அங்க ஆறு இருக்கா?" என்று கேட்டாள்.

இரண்டு இருக்கிறது என்றேன்.

"அப்ப சரி. கீழ் வீடாப் பாரு."